உன் கல்லீரலில் பாதி

அருள்,

எனக்குப் பயமாக இருக்கிறது. முக்கியமானதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது செய்தி எழுதியே கழிந்த ஒரு வாழ்க்கையின் பழக்கம், அதனால் இதை முதலில் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நீயும் நானும் ஒரே ஆஸ்பத்திரியில் சேரப்போகிறோம். செவ்வாய்க்கிழமை காலை உன்னை முதலில் உள்ளே கொண்டுபோவார்கள். ஒரு நோயும் இல்லாத உன் வயிற்றைத் திறந்து, கல்லீரலில் பாதிக்கும் மேலே வெட்டியெடுத்து, பக்கத்து அறையில் கிடக்கும் எனக்கு வைப்பார்கள். உன்னிடம் மிஞ்சியது சில வாரங்களில் வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்கிறார். நம்புகிறேன். போனில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் நீ, “அப்பா, சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, அவ்ளோதான் உங்க வேலை” என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

அறுவை சிகிச்சையை நினைத்துப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். உன் அம்மா பகலெல்லாம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருக்கிறாள். ஒரே நாளில், ஒரே கட்டடத்தில், அவளுடைய இரண்டு பேர் மயக்கத்தில் கிடக்கப்போகிறார்கள். ஆனால் அந்தப் பயத்துக்கு டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது இன்னொன்றைப் பற்றி. உன் உடம்பிலிருந்து எடுத்து என் உடம்பில் வைக்கப்போவதை, நான் நான்தானே, என்ன செய்துவைப்பேன் என்ற பயம். அதற்கு ஆஸ்பத்திரியில் தனி வார்டு கிடையாது.

போன மழைக்காலத்தில் என் கால்கள் வீங்கின. வெயிலில் அலைந்ததால் என்றேன், வெயிலே இல்லாத மாதத்தில். நீதான் ஊரின் மறுகோடி வைட்ஃபீல்டிலிருந்து காரை எடுத்துக்கொண்டு காக்ஸ் டவுன் வந்து, என்னைப் பிடித்து உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். கல்லீரல் இறுகிச் சுருங்கிவிட்டது, மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று அந்த டாக்டர் சொன்னபோது நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். “என்னோடது எடுக்கலாமா டாக்டர்?” என்று, கடையில் பேனா கேட்பதுபோலக் கேட்டாய். உனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் சிரித்துவிட்டார். “உங்க லிவர்லயே இவ்ளோ கொழுப்பு இருக்கு. அப்பாவுக்குக் கொடுக்கறது இருக்கட்டும், இப்படியே போனா உங்களுக்கே நாங்க ஒண்ணு தேடணும்” என்றார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது சொல்கிறேன். கேட்டாயிற்று, முடியாது என்றாகிவிட்டது, யார்மீதும் குற்றமில்லை. அப்படி ஒரு முடிவை நான் எப்போதும் விரும்பியிருக்கிறேன்.

ஆனால் நீ மறுநாளே ஆரம்பித்துவிட்டாய். ஆபீஸ் மேசையிலேயே பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டவன், வெள்ளரிக்காயும் வேகவைத்த சுண்டலும் டப்பாவில் கட்டிக்கொண்டு போனாய். விடிவதற்குள் எழுந்து உங்கள் அபார்ட்மென்ட்டைச் சுற்றி நடந்தாய். ஷீலா ஒருநாள் போனில் சொன்னாள்: “மாமா, பாப்பா பர்த்டே கேக்கை மோந்து பாத்துட்டு வெச்சிட்டார். ஆபீஸ்ல இவருக்கு சுண்டல் சாமின்னு பேரு வெச்சிருக்காங்களாம்.” அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒவ்வொரு முறை நீ வீட்டுக்கு வரும்போதும் உன் சட்டை உன்மேல் இன்னும் கொஞ்சம் தொளதொளவென்று தொங்கியது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு மனிதன் எந்த மூலையிலும் ஒரு பிடியை மிச்சம் வைத்துக்கொள்ளாமல் மாறுவதை நான் அதுவரை பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

நானும் அதே மாதம்தான் குடியை விட்டேன். எப்படி விட்டேன் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் மாதா பீடத்தின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிப் பொருத்தனை செய்தேன். ‘இனிக் கடையில் விற்கும் சரக்கைத் தொடமாட்டேன்’ என்பது என் வாக்கியம். மனதுக்குள் இரண்டு மூன்று விதமாக அடித்துத் திருத்திப் பார்த்து, கடைசியில் அதைத் தேர்ந்தெடுத்தேன். மந்திரிகளின் மறுப்பு அறிக்கைகளைப் படித்துப் படித்து, எந்த வாக்கியத்தில் எங்கே சந்து இருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் தொழிலாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அந்தத் தொழிலை மாதாவின் முன்னாலேயே செய்தேன். அப்போது அது எனக்குத் தெரியவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. பாதி தெரிந்திருந்தது.

நவம்பரில் அம்மா வழக்கம்போலக் கறுப்புத் திராட்சை வாங்கி வந்தாள். நம் வீட்டில் கிறிஸ்துமஸ் வைன் என்பது குல்குல், ரோஸ் குக்கீ மாதிரி ஒரு பலகாரம். பீங்கான் ஜாடியில் சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு போட்டு, தினமும் மரக்கரண்டியால் கிளறி, வடிகட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் கேக்கோடு கொடுப்பது. உன் ஆயா காலத்து ஜாடி. குழந்தைகளுக்குக்கூட ஒரு ஸ்பூன் நாக்கில் தடவுவார்கள். அதைக் குடி என்று இந்தத் தெருவில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். “இந்த வருஷம் வேணாம்னு பாக்கறேன்” என்றாள் அம்மா. நான்தான், “வர்றவங்களுக்கு என்ன கொடுப்ப? எனக்காக ஊருக்கெல்லாம் தண்டனையா?” என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திராட்சையைக் கழுவப் போனாள்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்து ஒரு கிளாஸ் குடித்தேன். மறுநாள் மதியம் ஒன்று. நீ வந்தது அதற்கும் மறுநாள். குழந்தைக்குத் தண்ணீர் எடுக்கச் சமையலறைக்கு வந்த நீ, ஜாடிக்குப் பக்கத்தில் கிளாஸோடு நின்ற என்னைப் பார்த்தாய்.

“என்னப்பா அது?”

“வைன்டா. அம்மா போட்டது. ஸ்வல்பதான்.”

“லிவருக்குத் தெரியுமாப்பா, இது அம்மா போட்டதுன்னு?”

அவ்வளவுதான் சொன்னாய். தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நீ கூடத்தில் உட்கார்ந்து பாலில்லாத காபியைக் குடித்தபடி மகளுக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தாய், ஒரு துணுக்கும் உன் வாய்க்குப் போகாமல். நான் கிளாஸில் இருந்ததைக் குடித்து முடித்தேன். கீழே ஊற்றவில்லை. ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும், ஜாடி காலியாகும் வரைக்கும் குடித்தேன்.

ஜனவரியில், இரண்டாவது ஸ்கேனில் நீ தேறியதும், ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசகர் நம் இருவரையும் கூப்பிட்டார். மாண்டியாப் பக்கத்துப் பெண், தமிழ் நன்றாகவே பேசினார், ஆனால் இந்தக் கேள்வியை மட்டும் கன்னடத்தில் கேட்டார்: “ஸ்வல்பானூ இல்வா, சார்?” கொஞ்சம்கூட இல்லையா. நான் சொன்னேன்: “பொருத்தனை செய்த நாளிலிருந்து ஒரு பாட்டில்கூட எங்க வீட்டு வாசல்படி தாண்டி வரலை மேடம்.” அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அறுவைக்கு நாளும் குறித்தார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்த நீ உன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். திரும்பி வரும்போது பழைய மெட்ராஸ் ரோட்டில் வண்டி நகரவில்லை. முன்னால் ஒரு தண்ணீர் லாரி. நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, என் பக்கம் திரும்பாமல் சொன்னாய்:

“அப்பா, நீங்க பொய் சொல்லல. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

பொய் சொல்லியிருந்தால் நான் ஒருநாள் வருத்தப்பட்டுக் குடியை விட்டுவிடுவேன், இது அப்படியில்லை என்று நீ நினைத்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை நானே ஆட்டோ பிடித்துப் போய் அந்தப் பெண்ணிடம் வைனைப் பற்றிச் சொன்னேன். ஜாடியைப் பற்றி, கிளாஸின் அளவைப் பற்றி, திராட்சையை வாங்கவைத்தது நான் என்பதைப் பற்றி எல்லாம். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “தேங்க்ஸ் சார்” என்றார். பிறகு மெதுவாக, “ஆபரேஷன் நாளத் தள்ளிவெக்கணும். மறுபடியும் மொதல்லேருந்து. நடுவுல சொல்லாம கொள்ளாம பிளட் டெஸ்ட் எடுப்போம்” என்றார். அதுவரை உடம்பு தாங்குமா என்று கேட்டேன். “தாங்கணும்” என்றார். நான் தைரியமாகச் செய்த காரியம்போல இது தோன்றலாம். அப்படியில்லை. உண்மை சொன்னதால் செத்துப்போவேனோ என்று வழியெல்லாம் நினைத்தேன்.

அந்த வாரம் ஷீலா தனியாக வந்தாள். ஆபீஸுக்கு லீவு போட்டு, மெட்ரோவில் வந்து, ஆட்டோ பிடித்து. அவள் வந்தது உனக்குத் தெரியுமோ என்னவோ, இப்போது தெரியட்டும். செருப்பைக் கழற்றும்போதே, “மாமா, நான் கோவமா வந்திருக்கேன். மொதல்லயே சொல்லிடறேன்” என்றாள். அம்மா காபி போடப் போனாள். ஷீலா சொன்னாள்: “அவர் ஒடம்பு இளைச்சது உங்களுக்காகன்னு நான் சொல்லிக் காட்ட வரல. அது அவரோட இஷ்டம். ஆனா அவரைப் படுக்கவெச்சுக் கிழிக்கறப்ப நான் வெளிய பாப்பாவ வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கணும். அவ, அப்பா எங்கன்னு கேப்பா. நான் தாத்தாக்கு ஹெல்ப் பண்ணப் போயிருக்காருன்னு சொல்லணும். அப்ப எனக்கு உங்கமேல கோவம் வரக்கூடாது மாமா. அதுக்கு நீங்கதான் ஏதாவது பண்ணணும்.” அவள் காபியைக் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள். வாழ்க்கையில் என்னிடம் யாரும் இவ்வளவு நேராக எதையும் கேட்டதில்லை.

பிறகு அந்த மார்ச் மாதச் சாயங்காலம். அன்று நீ இல்லை, அம்மா உன்னிடம் பாதிதான் சொல்லியிருப்பாள். கல்லீரல் கழிக்காமல் ரத்தத்தில் சேரும் விஷம் மூளைக்கு ஏறினால் இப்படி ஆகும் என்று பிறகுதான் விளக்கினார்கள். நான் மேசையில் உட்கார்ந்து, வேலையைவிட்டு எத்தனையோ வருஷமான பிறகு, செய்தி எழுதிக்கொண்டிருந்தேனாம். “நியூஸ் டெஸ்க்லேருந்து போன் வந்துச்சா?” என்று அம்மாவைத் திட்டினேனாம். தாளில் எழுத்துகளே இல்லை, கோடுகள்தான் இருந்தன. எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான்: ஒரு வார்த்தை வேண்டும், மிகச் சாதாரண வார்த்தை, தினமும் சொல்வது, அது வரவில்லை. என்னிடம் வீடு, சேமிப்பு என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. வார்த்தை இருந்தது. அதுவும் போய்விட்ட அந்தச் சில மணி நேரத்தின் இருட்டை இப்போதும் நினைத்தால் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன். மருந்து கொடுத்துச் சரியானது. மறுநாள் அந்த வார்த்தை தானாக வந்தது. ‘தலையணை’.

அதற்குப் பிறகு செய்ததைச் சொல்கிறேன், பெரிதாக ஒன்றுமில்லை. கோயிலில் நான் எப்போதும் கடைசியில், கதவையொட்டி நிற்பவன். உனக்குத் தெரியும், சிறுவனாக என் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் அங்கே நின்றிருக்கிறாய். பாதிப் பிரசங்கத்தில் நழுவிப் போய் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு, நற்கருணைக்குத் திரும்பிவிடலாம். இந்தத் தவக்காலத்தில் முதல்முறையாக உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன், நடுவில், இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்கும்படி. பாவசங்கீர்த்தனத்தில் பொருத்தனை வாக்கியத்தை ஃபாதரிடம் அப்படியே சொன்னேன். அவர் இளைஞர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நல்ல வக்கீல் வாக்கியம் ஐயா. ஆனா அம்மாகிட்ட யாராவது வக்கீல் வெச்சுப் பேசுவாங்களா?” என்றார். பழைய வாக்கியத்தை விட்டுவிட்டு, ஒன்றும் வேண்டாம், எதுவும் குடிக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உள்ளே ஒளி வந்தது, பாரம் இறங்கியது என்று எழுத முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது. பாதியில் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

ஞாயிறு மதியம் கூடும் என் பழைய நிருபர் கூட்டத்திடமும் இனி வரமாட்டேன் என்று சொன்னேன். எலுமிச்சை ஜூஸ் குடித்தபடி உட்கார்ந்திருக்கலாமே என்றார்கள். அப்படி உட்கார்ந்திருந்தால் எத்தனை ஞாயிறு ஜூஸாகவே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரங்கநாதன் விடவில்லை. “டேய், லிவர் கெட்டா டாக்டர்கிட்ட போவாங்க, நீ சாமியாராப் போறியே!” என்றான். “லிவர் இனிமே என்னோடது இல்லடா, என் மகனோடது. வாடகைக்கு இருக்கப்போறவன் நான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அவன் போன் செய்து, “தப்பா எடுத்துக்காதே” என்றான். அவன் காலும் வீங்குகிறதாம்.

இதுவரை எல்லா ரத்தப் பரிசோதனையிலும் தேறிவிட்டேன். அதில்தான் என் பயம் தொடங்குகிறது, அருள். இந்தச் சில மாதங்களில் நான் குடிக்காமல் இருந்ததற்குக் காரணம் நல்லவனாகிவிட்டது இல்லை. மரணம் எதிரே உட்கார்ந்திருக்கிறது, அதனால். கள்ளச்சாராயச் சாவுகளை எழுதப் பல சேரிகளுக்குப் போயிருக்கிறேன். பிழைத்தவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழந்தை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்வார்கள். அதைப் போட்டோவோடு போடுவோம். அடுத்த மாதம் அந்த ஆள் என்ன செய்கிறான் என்று போய்ப் பார் என எந்த ஆசிரியரும் என்னை அனுப்பியதில்லை, நானாகவும் போனதில்லை. ஆனால் பஸ்ஸில் போகும்போது சிலரைப் பார்த்திருக்கிறேன், அதே கடை வாசலில். அவர்களுடைய சத்தியம் பொய்யில்லை. உடம்பு தேறியதும் பயம் போய்விட்டது, பயத்தோடு சத்தியமும் போய்விட்டது. உன் கல்லீரல் என்னைத் தேற்றும். கால் வீக்கம் வடியும், பசி எடுக்கும், ஒரு டிசம்பர் வரும், யாரோ ஒருவர் வீட்டில் சின்னக் கிளாஸை நீட்டுவார்கள், வீட்டில் போட்டதுதான் என்பார்கள். அன்றைக்கு நான் யாராக இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. தெரியும் என்று எழுதிக் கொடுத்தால் உனக்கு நிம்மதியாக இருக்கும். எழுத முடியவில்லை. அன்றன்றைக்குச் செய்துதான் காட்ட முடியும், அதற்கு நான் உயிரோடு இருக்க வேண்டும், அதற்கு நீ முதலில் படுக்க வேண்டும். நம்பிக்கையை முன்பணமாக உன்னிடமிருந்து மட்டும் வாங்குகிறேன். இதில் நியாயமே இல்லை.

அதனால் ஒன்று சொல்ல வேண்டும். தானம் கொடுப்பவரைத் தனியாக உட்காரவைத்து, கடைசி நிமிஷம்வரை வேண்டாம் என்று சொல்லலாம் என்பார்கள். உன்னிடமும் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொன்னால் குடும்பத்துக்குக் காரணம் தெரிவிக்கமாட்டார்கள். ‘பரிசோதனையில் பொருந்தவில்லை’ என்பார்கள், அவ்வளவுதான். மாற்று உறுப்புகளைப் பற்றி ஒருமுறை கட்டுரை எழுதியபோது ஒரு டாக்டர் எனக்கு இதைச் சொன்னார். ஞாயிறோ திங்களோ, செவ்வாய் காலையில் ஸ்ட்ரெச்சரில் படுத்த பிறகோ, உனக்கு அந்த எண்ணம் வந்தால் சொல்லிவிடு. டாக்டர் என்னிடம் வந்து, உங்க மகனோடது பொருந்தலை என்றால், சரி என்பேன். ஏன் என்று அவரிடமும் கேட்கமாட்டேன், உன்னிடமும் கேட்கமாட்டேன், ஷீலாவின் முகத்தைப் பார்த்து ஊகிக்கவும் மாட்டேன். நாம் சேர்ந்து காரில் வீட்டுக்கு வருவோம்.

இங்கே கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டேன். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “அவன் வேணாம்னா நீங்க செத்துடுவீங்கதானே?”

“ஆமா.”

“அத ஏன் எழுதல?”

“எழுதினா அவனைக் கட்டிப்போடற மாதிரி ஆயிடும்.”

“எழுதாம விட்டா? பெரிய மனுஷன் மாதிரி, எனக்கு ஒண்ணுமில்லப்பா, நீ போன்னு சொல்றீங்க. மறுபடியும் பாதிதான் சொல்றீங்க. மனசுல இருக்கறத முழுசா எழுதுங்க, அவன் படிச்சுட்டு முடிவு பண்ணட்டும்.”

கையெழுத்தை அடித்துவிட்டுத் தொடர்ந்து எழுதுகிறேன். அருள், நீ வேண்டாம் என்று சொல்ல உனக்கு முழு உரிமை இருக்கிறது, சொன்னால் உன்மேல் எனக்குக் கோபம் வராது. எனக்குச் சாக விருப்பமில்லை. கொஞ்சம்கூட இல்லை. உன் மகள் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க வேண்டும், அம்மாவோடு இன்னும் சண்டை போட வேண்டும், உன் கல்லீரல் எனக்கு வேண்டும்.

அப்பா